கூச்சியின் வெடியோசை

கூச்சிக்குச் செல்லும் பயணி அந்த இடத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிந்துவிடுகிறார். ஹோ சி மின் நகரிலிருந்து வடமேற்கே 60, 70 கிலோமீட்டர் சென்று, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மரநிழலில் நடக்கத் தொடங்கியதுமே எங்கிருந்தோ துப்பாக்கிச் சத்தம் வருகிறது. ஒற்றை வெடியாகச் சில, தொடர் வெடியாகச் சில. வழிகாட்டி கறையான் புற்றைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதும், மூங்கில் முள் பதித்த பொறிகளைக் காட்டும்போதும் அந்த ஓசை பின்னணியில் நின்றுகொண்டே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் முதலில் அதை ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பதிவு என்றுதான் எண்ணுகிறார்கள். அது பதிவன்று, உண்மையான துப்பாக்கி, உண்மையான தோட்டா. சுடுபவர்கள் இவர்களைப் போலவே காலையில் பேருந்தில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள்.

போர்க்கால நிலவறைகளைப் பாதுகாக்கும் இந்த நினைவிடத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுடுதளம் இருக்கிறது. ஏகே-47, எம்-16, எம்-1 கார்பைன், எம்-60 இயந்திரத் துப்பாக்கி என அந்தப் போரில் இரு தரப்பும் ஏந்திய ஆயுதங்களின் பெயர்ப் பட்டியல் அங்கே விலையுடன் இருக்கும். கணக்கு தோட்டாவுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. குறைந்தது 10 தோட்டாக்கள் வாங்க வேண்டும் என்பது வழக்கம். வாங்கியவருக்குக் காதடைப்பான் தருவார்கள். துப்பாக்கிகள் மேடையோடு பிணைக்கப்பட்டிருக்கும்; குழல் இலக்கின் திசையை விட்டுத் திரும்பாது. அருகில் ஓர் ஊழியர் நிற்பார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. பல பயணநூல்களும் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் இந்தச் சுடுதளத்தை, அது நிற்கும் மண்ணின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது கேள்வி வேறு விதமாக எழுகிறது என்று தோன்றுகிறது. அந்த வரலாற்றின் மையத்தில் இருப்பது ஓசை அல்ல, ஓசையின்மை.

*

கூச்சி நிலத்தின் மண் இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் களியும் கலந்தது. மழைக்காலத்தில் தோண்ட இளகிக் கொடுக்கும். காய்ந்தால் சுட்ட செங்கல்லைப் போல இறுகிவிடும். முட்டுக்கட்டைகள் இல்லாமலே நிலவறை சரியாமல் நிற்கும். 1940களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரின்போது ஆவணங்களையும் ஆட்களையும் ஒளித்துவைக்கத் தோண்டிய தனித்தனிக் குழிகள்தாம் இதன் தொடக்கம். அதே சைகோன் நகரில்தான் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் பாண்டிச்சேரித் தமிழர்கள் அரசு அலுவல் பார்த்தார்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். அங்கே இன்றும் நிற்கும் மாரியம்மன் கோயில் அந்தக் காலத்தின் எச்சம். நகரத்தில் காலனிய வாழ்வு அதன் போக்கில் நடந்துகொண்டிருந்தபோது, அரைநாள் நடைத்தொலைவைச் சற்றே தாண்டிய கிராமங்களில் மக்கள் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அமெரிக்கர்கள் வந்தபோது அக்குழிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, பல அடுக்குகள் கொண்ட வலையாக வளர்ந்தன. உச்சக் காலத்தில் அவற்றின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். மண்வெட்டியும் மூங்கில் கூடையுமே கருவிகள். தோண்டிய மண்ணை ஆற்றிலும் குண்டுப் பள்ளங்களிலும் வயல்களிலும் இரவோடிரவாகக் கரைத்தார்கள். புது மண் குவியல் வானிலிருந்து தெரிந்தால் அந்த ஊரே அழியும். நிலவறைக்குள் உறங்குமிடம், கிணறு, மருத்துவ அறை, ஆயுதப் பட்டறை, சமையலறை எல்லாம் இருந்தன. பிரெஞ்சுப் போர்க்காலத்தில் ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையற்காரர் வகுத்த அடுப்பு இங்கே பயன்பட்டது. அதன் புகை நீண்ட மண் கால்வாய்களின் வழியே பரவிக் குளிர்ந்து, வெகுதூரத்தில் தரையோடு தரையாகக் கசிந்து வெளியேறும். மூச்சுத் துளைகளைக் கறையான் புற்றுகளைப் போல மறைத்தார்கள். மோப்ப நாய்கள் வந்தபோது அத்துளைகளைச் சுற்றி மிளகாய்ப் பொடியைத் தூவினார்கள். பிறகு அமெரிக்கச் சோப்பையே பயன்படுத்தினார்கள், நாய்க்குப் பழகிய மணம் வரட்டும் என்று.

மணம், புகை, நிறம், ஓசை ஆகிய நான்கையும் மறைப்பதே இங்கு போர் புரியும் முறையாக இருந்தது. அவற்றில் கடினமானது ஓசை. தலைக்கு மேல் காலணிகள் நடக்கும்போது இருமலை விழுங்க வேண்டும். அழும் குழந்தையின் வாயைப் பொத்த வேண்டும். வலிமையான வானூர்திப் படையும் பீரங்கிப் படையும் தங்கள் இருப்பைப் பேரோசையால் அறிவித்துக்கொண்டிருக்க, கீழே இருந்தவர்கள் ஓசையெழுப்பாமல் இருந்ததாலேயே உயிர்வாழ்ந்தார்கள்.

1966 ஜனவரியில் அமெரிக்க, ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 8,000 பேர் 'கிரிம்ப்' என்று பெயரிட்ட நடவடிக்கையில் இப்பகுதியைச் சலித்தார்கள். தேடிய தலைமையகம் கிடைக்கவில்லை; ஆனால் நிலவறைகளின் பரப்பு முதன்முதலாகத் தெரியவந்தது. அதே ஆண்டு அமெரிக்க 25ஆம் காலாட்படைப் பிரிவு கூச்சியிலேயே பெரும் முகாம் அமைத்தது. முகாமுக்குள்ளிருந்தே யாரோ சுடுகிறார்கள் என்பதை அது பிறகுதான் உணர்ந்தது. 1967 ஜனவரியில் 'சீடர் ஃபால்ஸ்' நடவடிக்கையில் ஏறத்தாழ 30,000 படைவீரர்கள் இறக்கப்பட்டார்கள். ஆற்றுக்கு அப்பாலிருந்த பென் சுக் என்ற ஊரின் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டு, ஊர் தரைமட்டமாக்கப்பட்டது. ஜோனதன் ஷெல் என்ற இளம் பத்திரிகையாளர் அதை உடனிருந்து கண்டு எழுதிய நூல் அதே ஆண்டில் வெளிவந்தது.

நிலவறைக்குள் இறங்கிய அமெரிக்க வீரர்களைச் 'சுரங்க எலிகள்' என்று அழைத்தார்கள். உருவத்தில் சிறியவர்கள், பெரும்பாலும் தாமே முன்வந்தவர்கள். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கைத்துப்பாக்கி. கீழே சென்றதும் அவர்கள் முதலில் கற்றது, தங்கள் .45 துப்பாக்கியின் ஓசை எதிரியைக் கொல்வதற்கு முன்பே தங்களைச் செவிடாக்கிவிடும் என்பதை. ஓசை குறைந்த சிறு துப்பாக்கிகளை ராணுவம் அவர்களுக்காகச் சோதித்துப் பார்த்தது. மண்ணுக்குள் இறங்கிய எவரும், அவர் எந்த நாட்டவராயினும், ஓசைக்கு அஞ்சவே கற்றார்கள்.

அந்த மண்ணின் மேல்தான் இன்று நாள் முழுவதும் வெடியோசை கேட்கிறது.

*

சுடுதளத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரு துப்பாக்கிகளைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். பயணிகளில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பவை அவையே.

ஏகே-47ஐ வடிவமைத்த மிகையில் கலாஷ்னிகோவ், இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற சோவியத் டாங்கி வீரர். 1949இல் சோவியத் ராணுவம் அதை ஏற்றது. சேறு படிந்தாலும் இயங்கும் என்பது அதன் புகழ். வியட்நாமுக்கு வந்தவற்றில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்ட அதன் பிரதியான 56ஆம் வகைத் துப்பாக்கி. எம்-16, யூஜின் ஸ்டோனர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. எடை குறைவு, குறி துல்லியம். ஆனால் 1966, 1967ஆம் ஆண்டுகளில் போர்க்களத்தில் அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறாமல் குழலின் அறையிலேயே இறுகிவிடும். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு ஒன்று 1967இல் இதை விசாரித்தது. தோட்டாவின் வெடிமருந்து வகையை உரிய சோதனையின்றி மாற்றியதும், துப்பாக்கியைத் துடைக்கும் கருவிகளும் பயிற்சியும் போதுமான அளவில் தரப்படாததும் காரணங்களாக வெளிப்பட்டன. குழலின் அறைக்குக் குரோமியப் பூச்சு தந்த பிறகே நிலைமை சீரானது. அதற்குள் எத்தனையோ பத்தொன்பது வயதுப் பையன்கள் சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்தபடியே இறந்திருந்தார்கள்.

இன்று கூச்சியில் பயணி சுடும்போது எம்-16 சிக்கிக்கொண்டால் ஊழியர் கை நீட்டி அதைச் சரிசெய்துவிடுவார். பயணி சிரித்துக்கொண்டே காத்திருப்பார். பொருள் ஒன்றே, பிழையும் ஒன்றே, அதன் விளைவு மட்டும் முற்றிலும் கழன்றுவிட்டது. சுடுதளம் என்பதன் வரையறையே இதுதான் எனலாம்: விளைவுகளைக் களைந்துவிட்டு எஞ்சும் துப்பாக்கி.

இவ்விரு வடிவமைப்பாளர்களும் 1990 மே மாதம் அமெரிக்காவில் சந்தித்துக்கொண்டார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அழைப்பில் கலாஷ்னிகோவ் வந்திருந்தார். பொதுமொழி இல்லாத இரு முதியவர்கள் மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் உரையாடினார்கள். ஒருவர் படைத்ததை மற்றவர் வாங்கிச் சுட்டும் பார்த்தார்கள். கூச்சியில் ஒவ்வொரு நாளும் நிகழ்வதன் முன்னோட்டம் அது. தம் துப்பாக்கி பறித்த உயிர்களுக்குத் தாம் பொறுப்பாளியா என்று கேட்டு, 2012இல், தமது 92ஆம் வயதில், கலாஷ்னிகோவ் ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் அவர் இறந்த பிறகு அது வெளியானது. விளைவுகளைக் களைந்துவிட்டுத் துப்பாக்கியைப் பார்க்க அவராலும் இறுதிவரை முடியவில்லை.

*

அயல்நாட்டில் போய்த் துப்பாக்கி சுட்டுப் பார்ப்பது வியட்நாமில் தோன்றிய பழக்கம் அன்று. ஜப்பானில் 1958ஆம் ஆண்டின் சட்டம் தனிமனிதர் துப்பாக்கி வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கைத்துப்பாக்கியைத் திரையில் மட்டுமே கண்டு வளர்ந்த அந்நாட்டுப் பயணிகளுக்காகக் குவாம் தீவிலும் ஹவாயின் வைக்கிக்கியிலும் ஜப்பானிய மொழிப் பலகைகளோடு சுடுதளங்கள் தோன்றின. தென் கொரியாவிலும் அத்தகையவை இருந்தன. 2009 நவம்பரில் பூசான் நகரின் உள்ளரங்கச் சுடுதளம் ஒன்றில் தீப்பற்றியபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில், லாஸ் வேகஸ் பயணிகளை நம்பி நடந்த ஒரு சுடுதளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையிலிருந்த ஊசி வகைத் துப்பாக்கி பின்னுதைப்பில் மேலெழும்பியதில் பயிற்சியாளர் உயிரிழந்தார். கூச்சியில் துப்பாக்கியை மேடையோடு பிணைத்திருப்பது எத்தனை அறிவார்ந்த செயல் என்பதை இச்சம்பவம் உணர்த்தும்.

மற்ற இடங்களில் பயணி வாங்குவது தன் நாட்டில் கிடைக்காத ஒரு பொருளின் அனுபவத்தை. கூச்சியில் வாங்குவது ஒரு குறிப்பிட்ட போரின் அனுபவத்தை, அல்லது அப்படி அவர் எண்ணிக்கொள்வதை. விற்பவரும் சாதாரண வணிகர் அல்லர். இந்நினைவிடம் ஹோ சி மின் நகர ராணுவக் கட்டளையகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தன் குடிமக்கள் எவரையும் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்காத ஒரு நாட்டின் ராணுவ நிர்வாகம், தான் வென்ற போரின் ஆயுதங்களைத் தோட்டாக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது.

இந்த இடத்துக்கு வியட்நாம் வந்து சேர்ந்த வழி தெளிவானது. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது பல லட்சம் அமெரிக்கத் துப்பாக்கிகளும் வெற்றியாளர்களின் கைக்கு வந்தன. ஆனால் நாடு வறுமையில் கிடந்தது. 1986இல் 'தொய் மொய்' என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. 1994 பிப்ரவரியில் அமெரிக்கா வணிகத் தடையை விலக்கியது. 1995 ஜூலையில் இரு நாடுகளும் தூதரக உறவை அமைத்துக்கொண்டன. பயணிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் முன்னாள் அமெரிக்க வீரர்களும் இருந்தார்கள். வருபவர்கள் அனைவரும் கேட்டது போரைத்தான். அந்நாட்டின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் உலகம் அறிந்திருந்தது அந்த இருபது ஆண்டுகளை மட்டுமே. கேட்டதை அவர்கள் தந்தார்கள். நிலவறையின் சில பகுதிகள் அயலாரின் உடற்கட்டுக்கு ஏற்ப அகலமாக்கப்பட்டன. முடிவில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் தரப்பட்டன. போராளிகளின் பசிக்கால உணவு பயணியின் சிற்றுண்டி ஆனது. சுடுதளம் அந்த வரிசையில் மேலும் ஒன்று.

*

இது இறந்தவர்களை அவமதிப்பதாகாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. தோற்றவர்கள் துக்கம் காக்கலாம்; வென்றவர்கள் தம் வெற்றியை விளையாட்டாக்கிக்கொள்ள உரிமை பெற்றவர்கள் என்பது ஒன்று. அமெரிக்க டாலருக்கு அமெரிக்கத் துப்பாக்கியை அமெரிக்கரிடமே வாடகைக்கு விடுவதில் ஒரு கிராமத்துக் குறும்பு இருப்பதை மறுக்க முடியாது. இரண்டாவது விடை, ஆயுதம் இவ்வளவு மலிவான கேளிக்கையாகிவிட்டதே அமைதி வந்துவிட்டதற்குச் சான்று என்பது.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் முழுமையல்ல. வென்ற பக்கத்தில் நின்று போரிட்ட பாவோ நின், 1969இல் தம் படையணியோடு களம் புகுந்த 500 பேரில் உயிரோடு மீண்ட பத்துப் பேரில் ஒருவர். அவர் எழுதிய 'போரின் துக்கம்' என்ற நாவலில் வெற்றிக் களிப்புக்கு இடமே இல்லை. அதனாலேயே தொடக்கத்தில் அது அவரது நாட்டில் சர்ச்சைக்குள்ளானது. வெற்றியை விளையாட்டாக்கும் உரிமை நாட்டுக்கு இருக்கலாம். மீண்டு வந்த மனிதருக்கு அது பயன்படவில்லை. அமைதிக்கான சான்று என்பதையும் குவாங் திரி போன்ற மாகாணங்களின் விவசாயிகள் அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டார்கள். மண்ணில் எஞ்சிய வெடிக்காத குண்டுகளால் 1975க்குப் பிறகும் ஏறத்தாழ 40,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது வியட்நாம் அரசு தரும் கணக்கு.

சுடுதளத்தின் குறை மரியாதையின்மை என்று நான் கருதவில்லை. அதன் குறை, அது போரின் ஒரு பாதியை மட்டும் தருவது. ஏகே-47 தொடர்ந்து சுடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தோட்டாக்கள் வெளியேறும். பயணி வாங்கும் 10 தோட்டாக்கள் என்பது போரில் ஒரே ஒரு வினாடி. அந்த வினாடியையும் அவர் சுடுபவராக மட்டுமே வாழ்கிறார். இன்னொன்றும் உண்டு. அத்துப்பாக்கியின் தோட்டா வினாடிக்கு 700 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது; ஓசையின் வேகமோ ஏறத்தாழ 340 மீட்டர்தான். நூறு மீட்டர் தொலைவில் நிற்பவரைத் தோட்டா எட்டிய பிறகே சுட்ட துப்பாக்கியின் முழக்கம் எட்டும். கொல்லப்படுபவர் தன்னைக் கொன்ற வெடியைக் கேட்பதே இல்லை. அந்த முழக்கம் சுட்டவருக்கும் உயிர்தப்பியவருக்கும் மட்டுமே உரியது. சுடுதளம் விற்பது அதைத்தான். மீதிப் பாதி நிலவறைக்குள், பேசாமல் கிடக்கிறது.

ஆகவே இங்கே போகும் நண்பர்களுக்குச் சுடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனிதனுக்கு ஆயுதத்தின்மேல் உள்ள ஈர்ப்பை உபதேசத்தால் அகற்றிவிட முடியாது. அதைத் தொட்டுப் பார்த்தவர்களில் சிலருக்கேனும் அதன் கனம் புரிகிறது. திரைப்படங்களில் ஒற்றைக் கையால் இயந்திரத் துப்பாக்கியை ஏந்தும் நாயகர்களைக் கண்டவர்களுக்குத் தோளில் விழும் ஓர் உதை நல்ல பாடமாகவே அமையும். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் நிலவறைக்குள் இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, மேலே கேட்கும் வெடியோசையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். பார்வையாளர்களுக்காக அகலமாக்கப்பட்ட பாதைதான். வெளிவரும் வழி தெரிந்த இருள்தான். எனினும், சுடப்படுபவரின் இடத்திலிருந்து துப்பாக்கியைக் கேட்கும் வாய்ப்பு உலகின் வேறெந்தச் சுடுதளத்திலும் இத்தனை அருகில் கிடைக்காது. அதன் பிறகும் தோட்டா வாங்கத் தோன்றினால் வாங்கலாம்.

வியட்நாமின் முதல் ஒலிம்பிக் தங்கம் துப்பாக்கி சுடுதலில்தான் கிடைத்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 2016 ஆகஸ்டில் ரியோவில், 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ராணுவ அதிகாரியான ஹோவாங் சுவான் வின் 202.5 புள்ளிகள் பெற்று வென்றார். அவருக்கு அப்போது வயது 41; போர் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு பிறந்தவர். போதுமான தோட்டாக்கள்கூடக் கிடைக்காத நிலையில் பயிற்சி பெற்றவர் என்று அப்போது செய்திகள் எழுதின. காற்றுத் துப்பாக்கி எழுப்பும் ஓசை மிகச் சிறியது. மூச்சை அடக்கி அசைவற்று நிற்பதே அவ்விளையாட்டின் முழுக் கலையும். கூச்சியின் மண்ணுக்குள் கிடந்தவர்களுக்கு அந்தக் கலை நன்கு தெரிந்திருந்தது.

கூச்சி வளாகத்தில் பென் துவோக் என்ற பகுதியில் 1995 டிசம்பரில் திறக்கப்பட்ட நினைவாலயம் ஒன்று இருக்கிறது. சைகோன் பகுதியில் இரு போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களை அதன் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். மொத்தம் 44,000க்கும் மேற்பட்ட பெயர்கள். நகரிலிருந்து அரைநாள் பயணமாக வருபவர்களுக்கு அங்கு செல்ல நேரம் இருப்பதில்லை. இருந்தாலும் ஒருமுறை போய், ஒரு சுவரின் பெயர்களையாவது கடைசிவரை படித்துப் பார்க்கலாம். பத்துத் தோட்டாக்களைச் சுடுவதைவிட அதற்கு நேரம் அதிகமாகும்.